போர்ச்சுகலில் காபி ஆராய்ச்சி: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். ஆறு வருடமாக இலைத்துரு நோயில்தான் வேலை. 1869-இல் இலங்கையில் பதிவாகி, அங்கே காபியையே அழித்துத் தேயிலைக்கு இடம்விட வைத்த அதே பூஞ்சை. இன்றும் எங்கள் செடிகளில் இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடியாகப் படிகிறது. அதைப் பார்த்து அப்பா முகம் வாடியதை மறக்க முடியவில்லை.

இப்போது லிஸ்பன் அருகே ஒய்ராஸில் உள்ள காபித் துரு ஆய்வு மையத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. உலகெங்குமிருந்து வரும் துரு மாதிரிகளை 1955 முதல் அங்கே சோதிக்கிறார்கள். சுற்றிலும் காபித் தோட்டம் இல்லாததால் நோய் தப்பிப் பரவும் பயமும் இல்லை. படிப்பில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் அம்மாவுக்கு 68 வயது, தோட்டத்தைத் தனியாகப் பார்க்கிறார்.

லிஸ்பன் பக்கம் இருப்பவர்கள் உதவித்தொகையில் வாடகையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஆய்வகத்தில் ஆங்கிலம் போதுமா, போர்ச்சுகீஸ் இப்போதே படிக்க வேண்டுமா? அப்புறம், முக்கியமாக, வேளாண் ஆராய்ச்சிக்கு வெளிநாடு போய் ஊர் திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இங்கே வேலை கிடைத்ததா? தயவுசெய்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் நான் பதில் தர வேண்டும்.