கொறங்காட்டு நடுவில் 400 கே.வி. டவர்: வெளிநாடுகளில் நிலக்காரருக்கு என்ன வழி செய்கிறார்கள்?

கிளுவைவேலி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. குண்டடம் பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு. அப்பா காலத்து வெள்வேல மரங்கள், அடியில் கொழுக்கட்டைப்புல், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடு இரண்டு, ஒரு கிடாரிக் கன்று, பதினாறு செம்மறி, எல்லாம் அதில்தான் மேய்கின்றன. போன மாதம் ஒரு கம்பெனி ஆட்கள் வந்து, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நடுக்காட்டில் நாலு கல் நட்டு, சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். விசாரித்தால், காத்தாடிக் (காற்றாலை) கரண்டும் சோலார் கரண்டும் கொண்டுபோக 400 கே.வி. (கிலோவோல்ட்) லைன் வருகிறது, அந்த இடத்தில் டவர் என்கிறார்கள்.

கம்பிக்கடியில் 46 மீட்டர் அகலத்துக்கு உயரமான மரம் நிற்கக் கூடாதாம். எங்கள் காட்டின் குறுக்கே 150 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால் 1.7 ஏக்கர். அதில் 23 வெள்வேல் நிற்கின்றன, நானே நடந்து எண்ணினேன். அவை போய்விட்டால் சித்திரை வெயிலில் மாடு எங்கே போய்ப் படுக்கும்?

இந்தக் கரண்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கூரையிலும் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது, மானியம் 78,000 ரூபாய் வந்தது. 2030-க்குள் உலகத்தின் புதுப்பிக்கத்தக்க மின்திறனை மூன்று மடங்காக்குவது என்று 2023 துபாய் மாநாட்டில் ஒத்துக்கொண்டார்கள் என்று பையன் படித்துக் காட்டினான். மழை தவறிய வருடங்களில் கிணறு வற்றியதைப் பார்த்தவள் நான், அதனால் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு கரண்டும் யாருடைய காட்டின் மேல் போகும்? டவருக்கு ஒரு தடவை பணம் கொடுத்தால் அதோடு சரி என்கிறார்கள். நிலம் என் பேரிலேயே இருக்கும், வரியும் நான்தான் கட்டுவேன்.

மற்ற நாடுகளில் இதை எப்படித் தீர்க்கிறார்கள்? பூமிக்கடியில் கொண்டுபோக முடியாதா? வருடா வருடம் வாடகை மாதிரி கேட்க இடமிருக்கிறதா?

பழைய ஈபிக்காரன்:
அம்மணி, நான் 31 வருடம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன். லைன் ஏன் வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். வைகாசி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, பல்லடம் பக்கத்துக் காத்தாடிகளை ஓய்வில்லாமல் சுற்றும். கொண்டுபோகக் கம்பி போதவில்லை என்றால், ஓடுகிற காத்தாடியை நிறுத்தச் சொல்வதுதான் வழி. அந்தப் போனை நானே போட்டிருக்கிறேன், மனசு வலிக்கும்.

மிஞ்சும் கரண்டைச் சேர்த்து வைக்க ஆனைமலையில் கடம்பாறை நீர்மின் நிலையம் இருக்கிறது. உபரி நேரத்தில் மேல் ஆழியாறு தண்ணீரை மேலே ஏற்றி, சாயங்காலம் இறக்கினால் 400 மெகாவாட். 1980-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. இன்றைக்கு இருக்கும் காத்தாடிக்கும் சோலாருக்கும் அது எந்த மூலைக்கு?

எல்லா நாட்டிலும் இதே நெருக்கடிதான். 2040-க்குள் 8 கோடி கிலோமீட்டர் மின்பாதை புதிதாக இழுக்கவோ மாற்றவோ வேண்டும் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2023-ல் கணக்குச் சொன்னது. இப்போது உலகத்தில் இருக்கும் மொத்தப் பாதையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஈரோடு டு மியூனிக்:
அக்கா, ஜெர்மனியில் நடந்தது உங்கள் கதைதான். வடக்குக் கடற்கரைக் காற்றாலைக் கரண்டைத் தெற்கே பவேரியா பக்கம் கொண்டுவர 'சூட்லிங்க்' என்று சுமார் 700 கிலோமீட்டர் லைன். டவர் கூடாது என்று ஊர் ஊராக எதிர்த்தார்கள். நிலத்தடிக் கேபிளுக்குத்தான் முன்னுரிமை என்று 2015-ல் முடிவானது. 2022-ல் முடிய வேண்டியது 2028-க்குத் தள்ளிப் போய்விட்டது, செலவும் பெருகிவிட்டது. அது கடைசியில் வீட்டு பில்லில்தான் வரும். இன்னொன்று, கேபிள் பதித்த மண்ணில் ஆழமாக வேர்விடும் மரம் வைக்க விடமாட்டார்கள். உங்கள் வெள்வேலுக்கு அதிலும் பிழைப்பு இல்லை.

நம் ஊரிலேயே புகளூர்–திருச்சூர் லைன் தமிழ்நாட்டில் டவர் மேல் வந்து, கேரளத்துக்குள் ஒரு பகுதி பூமிக்கடியில் போகிறது. 2021-ல் ஓட ஆரம்பித்தது. ஆனால் அது நேர்மின்சாரம் (டி.சி.). 400 கே.வி. மாறுமின்சாரத்தை (ஏ.சி.) நெடுந்தூரம் பூமிக்கடியில் கொண்டுபோவது மிகக் கடினம்.

வருடப் பணம் கேட்பதற்கு முன்மாதிரி உண்டு. புதிய டவர்களுக்கு 500 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு வருடம் 250 பவுண்டு வீதம் 10 வருடம் மின்கட்டணத்தில் கழிப்பதாகப் பிரிட்டன் அரசு 2025-ல் அறிவித்தது. டென்மார்க்கில் புதுக் காற்றாலை வைப்பவர்கள் 20 சதவீதப் பங்கை அக்கம்பக்கத்தாருக்கு விலைக்குத் தர முன்வர வேண்டும் என்று பல வருடம் சட்டம் இருந்தது. பிறகு அதை மாற்றி, பக்கத்து வீட்டாருக்கு வருடா வருடம் பணம் என்று ஆக்கினார்கள்.

தாராபுரம் வக்கீல் குமாஸ்தா:
சட்டப்படி இது நிலம் எடுப்பு இல்லை. 1885 தந்திச் சட்டத்து அதிகாரத்தை மின்பாதைக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் பட்டா உங்கள் பேரிலேயே நிற்கிறது. தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் மனுப் போடலாம்.

2024 ஜூனில் மத்திய மின்துறை புது வழிகாட்டுதல் கொடுத்தது: டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பிப் பாதைக்கு 30 சதவீதம். 2015 வழிகாட்டுதலில் இது 85, 15. மரத்துக்குத் தனி. மாநில அரசு ஏற்று ஆணை போட்டால்தான் இங்கே செல்லும், அதையும் மனுவில் கேளுங்கள். முக்கியமாக அடங்கலை, அதாவது நிலத்தில் என்ன இருக்கிறது என்று விஏஓ எழுதும் கணக்கைப் பாருங்க. கொறங்காட்டைத் 'தரிசு' என்று எழுதிவைத்திருந்தால் மதிப்பு அடிமட்டத்தில் நிற்கும்.

கிளுவைவேலி:
மூணு பேருக்கும் நன்றிங்க. விஏஓவிடம் போய் அடங்கலைப் பார்த்தேன். தரிசு என்றுதான் இருக்கிறது. நூறு வருடமாக மாடு மேய்கிற காடு அது. மேய்ச்சல் நிலம், மரங்களோடு என்று மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பூமிக்கடி யோசனையை விட்டுவிட்டேன். ஜெர்மனிக்காரர்கள் தாமதத்தையும் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். இங்கே அதில் ஒரு சிறு பங்கு செலவு செய்தால் போதும்: டவரை 70 மீட்டர் கிழக்கே, வேலியோரம் நகர்த்தினால் 14 மரம் பிழைக்கும். கயிறு பிடித்து அளந்து, ஒவ்வொரு மரத்தையும் போட்டோ எடுத்து, சர்வே படத்தில் குறித்திருக்கிறோம். கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மூன்று கேட்கப் போகிறேன்: டவரை நகர்த்துவது, 200–30 கணக்கு, லைன் ஓடும் வரை வருடப் பணம். பிரிட்டன் விவரத்தையும் மனுவோடு சேர்த்திருக்கிறேன்.

அதே லைன் போகும் மற்ற ஊர்க்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்க, சேர்ந்தே போகலாம். கூட்டம் வர இன்னும் 11 நாள் இருக்கிறது.