ஸ்டோரிபோர்டு: ‘கதைப்பலகை’க்கு மாற்றாகக் ‘கட்டவரைவு’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

படம் எடுப்பதற்கு முன், காட்சிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிகளில் வரைந்து வரிசைப்படுத்தும் திட்டத்தை ஆங்கிலத்தில் ஸ்டோரிபோர்டு என்கிறார்கள். அதற்குக் ‘கதைப்பலகை’ என்ற சொல்லையே நிலைநிறுத்திவிடலாம் என்று நம் குழு உரையாடலில் ஐயா ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். அச்சொல்லை நானும் இரண்டு ஆண்டுகள் வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு குறும்படம் எடுக்கும் பணியில் இருப்பதால், அச்சொல் எங்கே தடுக்கிறது என்பதைச் சொல்லி, வேறொரு சொல்லை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதல் ஆண்டில் ‘கதைப்பலகை தயாரித்து வருக’ என்று ஐந்து குழுக்களுக்கும் எழுதிக் கொடுத்தேன். மூன்று குழுக்கள் சார்ட் அட்டையில் கதையை அழகான கையெழுத்தில் எழுதி, ஓரங்களில் வண்ணம் தீட்டிக் கொண்டுவந்தன. காட்சியைக் காட்டும் படம் ஒன்றுகூட அவற்றில் இல்லை. இதில் பிள்ளைகள் மீது பிழையில்லை. கரும்பலகை, அறிவிப்புப் பலகை, பெயர்ப்பலகை என அவர்கள் அறிந்த பலகைகள் எல்லாம் எழுத்தைத் தாங்குபவை. ஆகவே கதைப்பலகை என்றால் கதையை எழுதி வைக்கும் பலகை என்றே கொண்டார்கள். கலைச்சொல் தன் பொருள் முழுவதையும் தானே சொல்லிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் கேட்பவரை வேறொரு பொருளுக்கு இட்டுச் செல்லும் சொல்லை, அது பழகிவிட்டது என்பதற்காக மட்டும் ஏற்க மனம் ஒப்பவில்லை.

ஆங்கிலப் பெயரில் பலகை இடம்பெற்றதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் படக்கூடத்தில், அசைவூட்டப் படங்களுக்கான ஓவியங்களைத் தனித்தனித் தாள்களில் வரைந்து, பெரிய பலகையொன்றில் ஊசியால் குத்தி வரிசைப்படுத்தினார்கள். தாள்களை இடம் மாற்றிப் பார்க்க அது வசதியாக இருந்தது. பெயரும் அதிலிருந்தே வந்தது. பலகை இல்லாமலும் இந்த வேலை நடக்கும். விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றிய சத்யஜித் ராய், 1955இல் வெளியான தம் முதல் படத்துக்கு முழுமையான திரைக்கதை எழுதாமல், காட்சிகளை ஓவியங்களாக வரைந்து ஏடாகவே வைத்திருந்தார். என் மாணவர்களும் நோட்டுத் தாளில்தான் வரைகிறார்கள். பிறந்த இடத்தின் அடையாளமாக ஆங்கிலத்தில் தங்கிவிட்ட பலகையை நாம் தமிழுக்குச் சுமந்து வரத் தேவையில்லை.

நான் முன்மொழியும் சொல் மாணவர்களின் வாயிலிருந்தே வந்தது. சென்ற ஆண்டு எடுத்த நான்கு நிமிடப் படம், புளியை உடைத்து ஓட்டையும் கொட்டையையும் நீக்கும் ஒரு பாட்டியையும் பேத்தியையும் பற்றியது. தை முதல் பங்குனி வரை எங்கள் பக்கத்தில் பல வீட்டுத் திண்ணைகளில் நடக்கும் வேலை அது. அதற்காக ஒரு தாளுக்கு நான்கு பெட்டிகள் வீதம், ஒவ்வொன்றும் 8 செ.மீ. அகலமும் 4.5 செ.மீ. உயரமுமாக வரையச் சொன்னேன். செல்பேசியைப் படுக்கை வாக்கில் பிடித்தால் கிடைக்கும் 16க்கு 9 என்ற விகிதம் அதுவே. இரண்டாம் நாளே, ‘எத்தனை கட்டம் முடிந்தது?’, ‘அந்தக் கட்டத்தை அழித்து வரை’ என்று தங்களுக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தத் தாள்கள் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். ஏழாம் கட்டத்தில் பாட்டி இடப்பக்கமும் பேத்தி வலப்பக்கமும் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். எட்டாம் கட்டத்தில், பேத்தியின் முகத்தை அண்மைக் காட்சியாக வரைந்த மாணவி, அவள் வலப்புறம் நோக்குவதுபோல் வரைந்திருந்தாள். இரு கட்டங்களையும் அடுத்தடுத்து வைத்ததும், பேத்தி பாட்டியைப் பார்க்காமல் வாசலைப் பார்ப்பதுபோல் தோன்றியது. இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு ஒரே பக்கத்திலேயே கேமரா இருக்க வேண்டும் என்ற விதியை நான் முன்பு இரண்டு வகுப்புகளில் விளக்கியும் பிடிபடாதது, அந்த இரண்டு கட்டங்களில் ஒரு நொடியில் பிடிபட்டது. படம்பிடித்த பின் தெரிந்திருந்தால், உடைக்கப் புளியும் உட்காரப் பாட்டியும் மறுநாள் கிடைத்திருப்பார்களா என்பது ஐயமே.

‘கட்டம்’ என்ற சொல்லைப் பின்னர் எண்ணிப் பார்த்தபோது, தமிழில் அதற்கு ஏற்கெனவே இருக்கும் பொருள்கள் எல்லாம் இந்தப் பணிக்கென்றே அமைந்தவைபோல் தோன்றின. கோடு கிழித்து அடைத்த பெட்டி என்பது ஒன்று. தாயத்திலும் பரமபதத்திலும் காய் நகர்வது கட்டம் கட்டமாகத்தான். ஒரு செயலின் படிநிலை என்பது மற்றொன்று. முதற்கட்டப் பணி, இரண்டாம் கட்டத் தேர்தல் என்கிறோம். மூன்றாவது பொருள்தான் எனக்கு மிகவும் உவப்பானது. பாரதக் கூத்து பார்த்துவிட்டு வந்தவர், ‘துகிலுரியும் கட்டத்தில் அழுதுவிட்டேன்’ என்பார். அங்கே கட்டம் என்பது கதையில் ஒரு நிகழ்வு நின்று திரும்பும் இடம். பெட்டி, படிநிலை, கதைத்தருணம் ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்கும்போது, அதை விட்டுவிட்டுப் பலகையைத் தேடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றபோது இதற்கு இன்னொரு சான்று கிடைத்தது. எங்கள் பகுதியில் காணப்படும் மூன்றடுக்கு நடுகற்களில், கீழடுக்கில் வீரன் போரிடுவான். நடுவடுக்கில் தேவமகளிர் அவனை மேலே அழைத்துச் செல்வார்கள். மேலடுக்கில் அவன் வானுலகில் இருப்பான். அதைப் பார்த்த மாணவன் ஒருவன் ‘மூன்று கட்டத்தில் முழுக் கதை’ என்றான். கல்வெட்டு அறிஞர்கள் ‘அடுக்கு’ என்கிறார்கள். ஆனால் அடுக்கு மேலும் கீழுமாக மட்டுமே செல்லும், நம் தாளோ இடமிருந்து வலமாகவும் செல்கிறது.

எனவே ஒரு பெட்டிக்குக் ‘கட்டம்’ என்றும், அவற்றின் முழுத் தொகுப்புக்குக் ‘கட்டவரைவு’ என்றும் முன்மொழிகிறேன். வரைவு என்பதில் வரைதலும் இருக்கிறது, திருத்தத்துக்கு இடம்தரும் முன்வடிவமும் இருக்கிறது. ‘கட்டவரைவாளர்’ என்று ஆளுக்கும் பெயர் கிடைக்கும்.

இரண்டு தடைகள் எழலாம். பிரித்து எழுதினால் ‘கட்டுவதற்கான வரைவு’ என்று படிக்கக்கூடும். ஆகவே சேர்த்தே எழுத வேண்டும், பாடநூலில் முதல் முறை வரும்போது ‘காட்சிக்கட்ட வரைவு’ என்று விரித்துக் கொடுக்கலாம். கட்டம் என்றால் சதுரம் அல்லவா, திரை நீள்சதுரமாயிற்றே என்று கேட்கலாம். நாட்காட்டியில் தேதிக் கட்டங்கள் நீள்சதுரமாக இருந்தும் நாம் அவற்றைக் கட்டம் என்றே அழைக்கிறோம். இதைப் ‘படக்கதை’ என்றே அழைக்கலாமே என்றால், அதுவும் ஏற்கத்தக்கதன்று. அது இதழ்களில் வரும் முடிந்த படைப்பின் பெயர். இதுவோ இனிமேல் எடுக்கப்போகும் படத்தின் திட்டம்.

வரும் தை மாதப் படப்பிடிப்புக்கான தாள்களைக் கார்த்திகை இறுதியில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அவற்றின் தலைப்பில் ‘கட்டவரைவு’ என்று இட எண்ணியிருக்கிறேன். மறுப்போ இதைவிடப் பொருத்தமான சொல்லோ இருப்பின் அதற்குள் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாக, இச்சொல்லை உங்கள் வகுப்பில் ஒரு முறை சொல்லிப் பார்த்து, விளக்கம் தருவதற்கு முன் மாணவர்கள் என்ன வரைந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.