இணையவழி, இருமொழிவழி: எந்த ‘வழி’?

அண்ணாச்சிக்கு வணக்கம். இணையத்தில் இரண்டு மொழியிலும் பாடம் நடத்தும் நம் திட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் சொன்னது:

> ‘இணையவழி இருமொழிக் கல்வி’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் வேறொன்றாகப் புரிந்துவிடுமே! இருமொழிக் கொள்கையை ஏற்ற 1968 சட்டமன்றத் தீர்மானத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டில் ‘இருமொழி’ என்றாலே தமிழும் ஆங்கிலமும்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்துப் பள்ளிகளுக்காக நாம் பேசுவது தமிழும் மலையாளமும். அதுவும் தனித்தனிப் பாடமாக அல்ல. 2006 தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பின் மலையாளவழிப் பிள்ளைகளும் தமிழைப் பாடமாகப் படிக்கத்தான் செய்கிறார்கள். ஒரே அறிவியல் பாடத்தை இரண்டு மொழியிலும் நடத்துவதற்கு அல்லவா பெயர் தேடுகிறோம்?

களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். திரையில் வேறு மாவட்டத்து ஆசிரியை. “உங்க வீட்டுல என்ன பழமரம் இருக்கு?” என்று கேட்டார். ஒரு பையன் எழுந்து, “சக்கை” என்றான். “கரும்புச் சக்கையா?” என்றார் அவர். பையன் உட்கார்ந்துவிட்டான். வகுப்பில் நின்ற டீச்சர் மைக்கை வாங்கி, “பலாவைத்தான் சொல்லுகான் டீச்சர். இங்க தமிழ் வீட்டிலும் சக்கைதான், மலையாள வீட்டிலும் சக்கதான்” என்றார். பலகையில் இரண்டு எழுத்திலும் எழுதி, பக்கத்தில் ‘பலா’ என்று போட்டார். அப்புறம் பாடம் ஓடியது. ஒவ்வொரு சுளையும் ஒரு பூவிலிருந்து வந்தது, அதனால் பலா கூட்டுக்கனி. ‘சுளை’ இரண்டு மொழிக்கும் பொது என்பதால் அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். தமிழ்வழி, மலையாளவழி என்று ஊரே சொல்கிறது. அந்த ‘வழி’யைச் சேர்த்து ‘இருமொழிவழி’ என்றால், கொள்கைப் பேச்சு விலகிப் பயிற்றுமொழி முன்னால் வரும். ஆனால் ‘இணையவழி இருமொழிவழி’ என்றால் நாக்கு இடறுகிறது. முதல் வழி பாதை, அடுத்தது பயிற்றுமொழி. ஆகவே இணையத்திடமிருந்து வழியை எடுத்துவிட்டு, ‘இருமொழிவழி இணையப் பாடம்’ என்கிறேன். அக்கா சொன்ன ‘தொலைநிலை’ வேண்டாம். அதைக் கேட்டால் பட்டப்படிப்புதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று. வகுப்பில் நின்ற அந்த டீச்சரை வரைவில் ‘உதவியாளர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏற்கவே முடியவில்லை. அவர் இல்லாவிட்டால் அந்தப் பையன் அன்று மறுபடி வாய் திறந்திருக்க மாட்டான். ‘துணையாசிரியர்’ என்றாலும் ஒரு படி கீழே நிற்கிறது. ‘உடனாசிரியர்’ என்று போடுங்கள், அண்ணாச்சி.