அரையாண்டு விடுமுறைக்கு அந்தமானா, இலங்கையா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசி வாரத்தில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு விடுமுறை. 24ஆம் தேதி இரவு கிளம்பினால் புத்தாண்டன்று வீட்டில் இருக்க வேண்டும். மனைவி, எட்டாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் படிக்கும் இரு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அறுபத்தெட்டு வயது அம்மா, நான் என ஐந்து பேர். சம்பாவில் அப்போது கதிர் பால் பிடித்திருக்கும். புகையான் பூச்சி வந்தாலும் வடிகால் அடைத்தாலும் தான் பார்த்துக்கொள்வதாகத் தம்பி சொல்லிவிட்டான். தை பிறந்தால் பயறு தெளிப்பு, அறுவடை என்று நிற்க நேரமிருக்காது என்பதால், இந்த வாரத்தை விட்டால் அடுத்து சித்திரைதான்.

பவளப்பாறை பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. அதற்காக அந்தமான், இலங்கை இரண்டையும் யோசித்தோம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் நான்கு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை ஒட்டிய காங்கேசன்துறை என்கிறார்கள். பக்கத்துத் தீவை விட்டுவிட்டு வங்கக் கடலைத் தாண்டிப் போவானேன் என்று எனக்குத் தோன்றுகிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

அலைவாய் (நாகப்பட்டினம்)

கப்பலை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியாபாணி’ கிளம்பியபோது துறைமுகத்தில் நின்று கையசைத்தவர்களில் நானும் ஒருவன். சில நாட்களிலேயே பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’யைக் கொண்டு மறுபடியும் தொடங்கினார்கள், அந்த ஆண்டும் மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் ஓடியது. தூரம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர்தான் என்றாலும், ஐப்பசியில் கிளம்பும் வாடை மார்கழி முடியும் வரை அந்தக் கடலை நிம்மதியாக விடாது. நான் செப்டம்பரில், காற்று குறைவு என்று சொல்லப்பட்ட நாளில் போனேன். அன்றைக்கே பாதி வழியில் பக்கத்து இருக்கைப் பெரியவர் பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்தவர், கரை தெரியும் வரை அதைக் கீழே வைக்கவில்லை. முழங்கால் வலியுள்ள அம்மாவை மார்கழியில் அதில் ஏற்றுவதாக இருந்தால், அதற்கு முதலில் கப்பல் ஓட வேண்டும்.

இன்னொன்று. யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் ஒரே மழை. கோடிக்கரையில் கொட்டினால் அங்கும் கொட்டும். நம் ஊர் மழையைப் பார்க்கக் கடல் கடந்து போக வேண்டியதில்லை.

குடமுருட்டி (பாபநாசம்)

அலைவாய் ஐயா கப்பலைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கப்பல் இல்லை என்பதால் இலங்கையே இல்லை என்று ஆகிவிடாது. இலங்கையை ஒரே தீவாக நினைத்து வானிலை பேசுவதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. வடகிழக்குப் பருவமழை நனைப்பது யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என்னும் வடக்கையும் கிழக்கையும்தான்; மலைகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தென்மேற்குக் கரை டிசம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை வெயிலில் கிடக்கும். இக்கடுவை, உனவடுன, மிரிச என்னும் கடற்கரைகளுக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து குவிவது அந்த மாதங்களில்தான்.

திருச்சியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்குள்ள கோட்டை ரயில் நிலையத்திலிருந்து காலி நகருக்குப் போகும் ரயில் கடலை ஒட்டியே ஓடுகிறது. சன்னலோரம் உட்கார்ந்தால் சில இடங்களில் அலைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே தாழை மரங்கள் மட்டுமே இருக்கும். இக்கடுவையில் கடலாமைகள் முழங்கால் ஆழத் தண்ணீர் வரைக்கும் வருகின்றன. என் மாமியாருக்கு எழுபது வயது. புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆமையைப் பார்த்தார். அதற்கு நீச்சலும் வேண்டாம், முகமூடியும் வேண்டாம். காலிக் கோட்டைக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. மாலை நேரத்தில் மதில் மேல் நடந்துகொண்டே இருக்கலாம். மிரிசவில் நீலத் திமிங்கிலம் பார்க்கும் பருவமும் அதுதான். நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அரசலாறு (கும்பகோணம்)

குடமுருட்டியார் ஆமையைக் காட்டிவிட்டுப் பவளப்பாறையைச் சாமர்த்தியமாக ஒதுக்கிவிட்டார். பிள்ளைகள் கேட்டது பவளப்பாறை. இக்கடுவைப் பாறை 1998இல் கடல் சூடேறியபோது வெளுத்து, பெரும்பகுதி செத்துவிட்டது. இன்று அங்கே கண்ணாடிப் படகில் போனால் மீன்கள் தெரியும், பாறையின் நிறம் தெரியாது. நான் இரண்டு இடங்களுக்கும் போயிருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

அந்தமானில் வண்டூரிலிருந்து ஜாலிபாய் தீவுக்குப் படகு போகிறது. வனத்துறையின் அனுமதி வேண்டும். தூக்கியெறியும் பிளாஸ்டிக் பாட்டிலோடு படகேற விடமாட்டார்கள். அந்தக் கண்டிப்பின் பலன் தண்ணீருக்கடியில் தெரிகிறது. படகின் கண்ணாடி அடித்தளத்துக்குக் கீழே மூளையைப் போல மடிப்பு மடிப்பாக ஒரு பாறை வந்தது. அடுத்து மான்கொம்பைப் போல ஒன்று. அதற்குள்ளிருந்து நீலமும் மஞ்சளுமாக மீன்கள் பொரி சிதறுவதைப் போலப் பாய்ந்தன. என் மகள் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. படகில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் நனையாமல் பார்த்தது இது.

கடவுச்சீட்டு வேண்டாம், நாணயம் மாற்ற வேண்டாம். முன்பு போர்ட் பிளேர் என்றிருந்து 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரத்தில், அபர்டீன் கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசலாம். தமிழர் நடத்தும் உணவகத்தில் இட்லி கிடைக்கும். வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. 2020இல் சென்னையிலிருந்து கடலடி ஒளியிழை வடம் போட்ட பிறகு கைப்பேசித் தொல்லையும் பெரும்பாலும் தீர்ந்தது. வெண்ணாற்றங்கரை வயலில் என்ன நடக்கிறது என்று தம்பியிடம் காணொளி அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். தீவு நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரமோ இந்திய நேரத்தில் ஓடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து கடற்கரைக்குக் கிளம்புகிற நம் பழக்கத்தோடு போனால் ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் இருட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கோரையாறு (திருத்துறைப்பூண்டி)

ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் வருகிறது. நம் முன்னோர் கப்பலோட்டிய தீவுக்கு நாம் போகாமல் வேறு யார் போவது? என் வாக்கு அந்தமானுக்கே.

குடமுருட்டி (பாபநாசம்)

கோரையாறு அவர்களே, மாநக்கவாரம் என்பது நிக்கோபார். அங்கே சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. சோழர் கணக்கைத் தொடங்கினால் பொலன்னறுவையில் வானவன் மாதேவி ஈச்சரம் இன்றும் நிற்கிறது, தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஈழத்து ஊர்கள் நிவந்தமாக, அதாவது கோயில் கொடையாக, விடப்பட்டதைக் கல்வெட்டே சொல்கிறது; அந்தப் போட்டியில் நீங்கள் தோற்பீர்கள்.

அரசலாறு அவர்களுக்கு இரண்டு கேள்விகள். பவளம் வெளுத்தது இக்கடுவையில் மட்டுமா? 2010இல் அந்தமான் பாறைகளும் கடுமையாக வெளுத்தன என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? இரண்டாவது, ஜாலிபாயில் படகுத்துறையே கிடையாது. நடுத்தண்ணீரில் பெரிய படகிலிருந்து சிறிய கண்ணாடிப் படகுக்கு மாறித்தான் கரையேற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு இதைவிடச் சிரமமான காரியம் உண்டா?

எல்லாவற்றையும் விடப் பெரியது புயல். 2016 டிசம்பரில், பிறகு வர்தா என்று சென்னையைச் சாய்த்த அதே புயல் அந்தமானுக்கருகே உருவானபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் சிக்கிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களை மீட்டன. புத்தாண்டன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பவருக்கு இப்படி ஓர் ஊரையா சொல்வது?

அரசலாறு (கும்பகோணம்)

2010 உண்மை, பெரும்பகுதி தேறிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். படகு மாறுவதும் உண்மை. இருபுறமும் ஆள் நின்று கைகொடுக்கிறார்கள் என்றாலும், அம்மா தயங்கினால் அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

புயலை எடுத்துக்கொண்டால், டிசம்பர் முதல் வாரத்துக்கும் கடைசி வாரத்துக்கும் வேறுபாடு உண்டு. மார்கழி பிறந்தபின் ஆபத்து குறைகிறது, அற்றுப்போவதில்லை. அதற்கான வழி பயணத் திட்டத்தில் இருக்கிறது: ஹேவ்லாக்கை முன்னால் முடித்துவிட்டு, கடைசி இரண்டு இரவுகளை ஸ்ரீ விஜயபுரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பலர் கடைசி நாள் காலையில் ஹேவ்லாக்கிலிருந்து படகேறி, மதிய விமானத்தைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். படகு ரத்தானால் அத்தனை பேரின் விமானச் சீட்டும் வீண். நானே அப்படி ஒரு முறை மாட்டினேன். முகவர் ஒருவர் போட்டுக்கொடுத்த திட்டம் அது, படகு போகாது என்றதும் அவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

இலங்கைக்கும் புயல் விலக்கல்ல. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா மலையகத்தில் செய்த சேதத்தை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அலைவாய் (நாகப்பட்டினம்)

இருவரும் தேதியை மறந்துவிட்டீர்கள். இந்தப் பயணத்தின் நடுவில் டிசம்பர் 26 வருகிறது. 2004இல் அந்தக் காலை எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்தமானிலும் நடந்தது, காலிக்குப் போகும் அந்தக் கடலோர ரயில் பாதையில், பெரலியவில் ஒரு ரயிலே அலையில் போனது. எங்கள் தெருவில் இன்றும் அந்த நாளில் யாரும் குளிக்கக் கடலுக்குப் போகமாட்டோம். வெண்ணாற்றங்கரை அவர்கள் தம் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திட்டமிடுவது நல்லது.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

கேட்டேன். அம்மாவின் தங்கை வேளாங்கண்ணியில் வாழ்க்கைப்பட்டவர். அந்த அலைக்குப் பிறகு சித்தி கிடைக்கவில்லை. 26ஆம் தேதி கடல் வேண்டாம், மற்ற நாட்களில் எங்கே வேண்டுமானாலும் வருகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டார். சுட்டிக்காட்டியதற்கு நன்றி, ஐயா.

கடவுச்சீட்டு என்னிடம் மட்டுமே இருக்கிறது. அம்மாவுக்கு ஆதாரில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயர்.

குடமுருட்டி (பாபநாசம்)

தஞ்சாவூரிலேயே கடவுச்சீட்டு சேவை மையம் இருக்கிறது, இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசமும் இருக்கிறது. ஆனால் பெயர்த் திருத்தம் முதலில் முடிய வேண்டும் என்பதால் உறுதி சொல்ல என்னால் முடியாது. இலங்கை நுழைவு விதிகளும் 2023க்குப் பிறகு பல முறை மாறியிருக்கின்றன. சீட்டு எடுக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன்: அந்தமான் வெல்வது அம்மாவின் வாக்காளர் அட்டையால்தானே தவிர, அரசலாறு அவர்களின் வாதத்தால் அல்ல.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

அது எப்படியோ, அந்தமான் என்று முடிவாகிவிட்டது. 24 இரவு மன்னை எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, 25 காலை விமானம். 26 அன்று செல்லுலார் சிறை. ஏழு சிறகுகளில் மிஞ்சியிருக்கும் மூன்றையும் பிள்ளைகள் சுற்றட்டும், அம்மா கீழ்த்தளத்து அரசமரத்தடியில் உட்காரட்டும். 27 காலை ஹேவ்லாக், 29 மாலை திரும்பி இரண்டு இரவுகள் நகரத்தில், 31 விமானம். ஹேவ்லாக் படகில் அம்மாவுக்கு எந்த இருக்கை கேட்க வேண்டும்?

குடமுருட்டி (பாபநாசம்)

கீழ்த்தளத்தில், பின்பக்கமாக, நடுவில். ஆட்டம் அங்கேதான் குறைவு. வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அலை தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. அம்மாவின் கடவுச்சீட்டுக்கும் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள், இக்கடுவை ஆமைகள் எங்கும் போய்விடாது.