பிடித்த படம் ஒன்று: அதில் எதைப் பார்த்தீர்கள்?

பொரளையிலிருந்து:

இங்கே பிடித்த புகைப்படத்தைப் போட்டு ‘அருமை’, ‘சூப்பர்’ என்று நகர்ந்தால் நாலு நாளில் மறந்துபோகும். படத்தோடு அதில் கவனிக்க வேண்டியது என்ன, ஆட்கள் எங்கே ஏமாறுகிறார்கள் என்பதையும் எழுதினால்தான் மற்றவர்களுக்குப் பிரயோசனம். பழைய கொழும்புப் படங்களில் தொடங்குவோம்.

‘1920இல் புறக்கோட்டை’ மாதிரித் தலைப்போடு சுற்றும் படங்களில் முதலில் அண்ணாந்து கம்பியைப் பாருங்கள். கொழும்பில் டிராம் 1899இல் ஓடத் தொடங்கி 1960இல் நின்றது. கூரையிலிருந்து ஒரு தடி எழுந்து ஒரு கம்பியைத் தொடும், கீழே தண்டவாளம். டிரொலி பஸ், அதாவது தண்டவாளமில்லாமல் மேலே உள்ள மின்கம்பியால் ஓடும் பஸ், ஓடியது 1953 முதல் 1964 வரை மட்டும். அதற்கு இரண்டு தடி, இரண்டு கம்பி, ரப்பர் டயர். இரட்டைத் தண்டவாளப் பாதையிலும் இரண்டு கம்பி தெரியுமே என்று கேட்பீர்கள். தெரியும், ஆனால் ஒவ்வொன்றும் தன் தண்டவாளத்துக்கு மேலே தள்ளித் தள்ளிப் போகும். டிரொலி பஸ் கம்பிகள் சோடியாக ஒட்டினாற்போல் போகும். அப்படிச் சோடிக் கம்பி உள்ள படத்துக்கு ‘1920’ என்று போட்டால் முப்பது வருடத்துக்கு மேல் பிழை.

அடுத்தது கட்டடங்கள். யோர்க் வீதியின் சிவப்புக் கார்கில்ஸ் கட்டடம் எழுந்தது 1906. புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல் 1909. காலிமுகத்திடலுக்கு வடக்கே உள்ள பழைய பாராளுமன்றம் 1930. இலங்கை வங்கிக் கோபுரம் 1987, இரட்டைக் கோபுரம் 1997. செத்தம் வீதி மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். 1857 முதல் அங்கேயேதான் நிற்கிறது, எல்லாப் படத்திலும் வரும். ஒரு கட்டடம் படத்தில் இல்லை என்றால் உடனே ‘அதற்கு முந்தியது’ என்றும் எழுதிவிடக் கூடாது. கெமரா நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்குமா என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

வாகனத்தின் இலக்கத்தகடும் உதவும். சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இருந்தால் 1950களின் கடைசிப் பகுதிக்கு முன்னே போக முடியாது.

தபாலட்டை என்றால் பின்பக்கத்தைக் கேளுங்கள். செய்தியும் முகவரியும் ஒரே பக்கத்தில், நடுவே கோடு பிரித்திருந்தால் அது 1902க்குப் பிந்தியது. பிரித்தானியாவே அந்த வருடந்தான் அதை அனுமதித்தது. தபால் முத்திரையின் திகதி அனுப்பிய நாளைத்தான் சொல்லும், எடுத்த நாளை அல்ல. பழைய எதிர்மறைத் தகட்டில் (நெகட்டிவ்) பத்து வருடம் கழித்தும் அட்டை அடித்து விற்றிருக்கிறார்கள். வண்ணத்தை வைத்தும் காலம் சொல்ல முடியாது, கறுப்பு வெள்ளைக்கு அச்சகத்திலேயே நிறம் ஏற்றிய அட்டைகள் ஏராளம்.

மருதானையிலிருந்து:

நானா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது வருகிறவற்றில் பாதி கணினி நிறமேற்றியது, மிச்சத்தில் கொஞ்சம் கணினியே ‘எடுத்தது’. பெயர்ப்பலகையைப் பெருப்பித்துப் பாருங்கள்: எழுத்து மாதிரி இருக்கும், எந்த மொழியும் இராது. ரிக்‌ஷாவின் சக்கரக் கம்பிகள் நடுக்குடத்தில் சேராமல் பாதியில் கரைந்துவிடும். நிறமேற்றிய படத்தில் எந்தத் துணி என்று தெரியாத இடத்திலெல்லாம் மங்கல் பழுப்போ நீலமோ பூசப்பட்டிருக்கும். ஆண்களின் சட்டை எல்லாம் இடம் வலம் மாறிப் பூட்டியிருந்தால் அது வேறு கதை. எதிர்மறைத் தகட்டைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து:

கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) எடுத்த படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சில படங்களில் உடம்பின் ஓரமாக மெல்லிய கோடு ஓடுவதைப் பார்த்து ‘பென்சிலால் வரைந்ததோ’ என்று கேட்கிறார்கள். வரைந்ததல்ல, சோலரைசேஷன். இருட்டறையில் படம் பாதி கழுவப்பட்டிருக்கும்போது ஒரு கணம் வெளிச்சம் காட்டுவார்கள். அதுவரை வெளிச்சம் படாமல் இருந்த பகுதி இப்போது கறுக்கத் தொடங்கும். ஏற்கெனவே கறுத்த பகுதியிலிருந்து கசியும் புரோமைட் என்ற இரசாயனம் எல்லையில் கறுக்கும் வேலையை மந்தமாக்கும். அங்கேதான் கோடு விழும். வெளிச்சம் ஒரு நொடி கூடினால் முழுப்படமும் சாம்பல், குறைந்தால் ஒன்றும் நடக்காது. போனில் அதே பெயரில் உள்ள ஃபில்டர் தொனியைத் தலைகீழாக்கும், அவ்வளவுதான். கோடு வராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிறகு ஏமாறமாட்டீர்கள்.

1943இல் கொழும்பில் தொடங்கிய ‘43 குழு’வின் ஓவியங்களைத் திரையில் பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். பார்ன்ஸ் பிளேஸில் அந்தக் குழு ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இப்போது சபுமல் நிறுவகம். சாயத்தின் தடிப்பு, தூரிகை போன திசை எல்லாம் அங்கே சுவரில் தெரியும். வேடிக்கைப் படப் பிரியர்களுக்கு ஒரு தகவல்: அந்தக் குழுவில் ஒருவரான ஆப்ரி கொலெட் கேலிச்சித்திரக்காரர். பொரளை கோதமி விகாரையில் அதே குழுவின் ஜோர்ஜ் கீற் 1939–40இல் வரைந்த சுவரோவியங்களுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், ஃபிளாஷ் வேண்டாம், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்க வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து:

கடலோரத்து வீடுகளில் படத்துக்கு முதல் எதிரி ஈரம். சட்டத்தில் கண்ணாடி நேராகப் படத்தின் மேல் படிந்திருந்தால், ஜெலட்டின் படலம் ஊறி, காயும்போது கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மூலையில் ஈரம் ஏறிய மாதிரி ஒரு பளபளப்பான திட்டு தெரிந்தால் ஒட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இழுக்காதீர்கள், முகந்தான் உரிந்து வரும். கண்ணாடியோடு வைத்தே முதலில் ஒரு நல்ல பிரதி எடுத்துவிடுங்கள், மிச்சத்தை ஆறுதலாக யோசிக்கலாம். புதிதாகச் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுன்ட் அட்டை கட்டாயம்.

கண்ணாடிக்குப் பின்னால் உள்ள படத்தைப் போனில் எடுப்பது எப்படி என்று அடிக்கடி கேட்கிறார்கள். டியூப்லைட்டையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். படத்துக்குப் பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம், எதிர்ச்சுவரில் இருந்து அல்ல. கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, போனை அதற்குப் பின்னால் பிடியுங்கள். கண்ணாடியில் தெரிவது அந்தக் கறுப்பு மட்டுந்தான், உங்கள் முகம் இராது. கிட்டப் போய் எடுத்தால் சட்டத்தின் ஓரம் வளையும், ஆகவே ஓரடி பின்வாங்கி இரண்டு மடங்கு ஸூம் வையுங்கள். கட்டக் கோடுகளை ஆன் செய்து சட்டத்தோடு பொருத்துங்கள். குறுக்கே இருண்ட பட்டைகள் விழுந்தால் அது விளக்கின் குற்றம்: நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தரம் துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் போய்விடும்.

சட்டமில்லாத படத்துக்கு ஸ்கேனர் நல்லது. ஆறுக்கு நான்கு அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். 3600க்கு 2400 புள்ளி கிடைக்கும். கண்ணாடியைப் பிரிக்க முடியாத படத்தை மெல்லிய வகை சிஐஎஸ் ஸ்கேனரில் வைத்தால் கலங்கலாகத்தான் வரும், அதற்குக் குவிய ஆழம் இல்லை. பழைய, கனத்த சிசிடி ஸ்கேனர் ஓரளவு பிடித்துத் தரும். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அல்ல, ஆவணமாக இணையுங்கள். இல்லாவிட்டால் பாடுபட்டது எல்லாம் சுருங்கிப்போகும்.

கிராண்ட்பாஸிலிருந்து:

சிரிப்புப் படம் என்றால் என் ஓட்டு தமிழ் அறிவித்தல் பலகைகளுக்கு. பஸ் இருக்கையில் ‘கர்ப்பிணித் தாய்மார்’ என்று வர வேண்டியது ‘நாய்மார்’ ஆன படம் எல்லோருக்கும் வந்திருக்கும். தமிழ் வாசிக்கத் தெரியாதவர் உருவத்தைப் பார்த்து வரைந்தால் த-வும் ந-வும் ஒன்றாகத்தான் தெரியும், வாலின் வளைவுதான் வித்தியாசம். சிரித்து முடிந்ததும் கோபம் வரும், அது வேறு.

டிஜிட்டல் பெனரில் நடக்கும் பிழை வேறு சாதி. யூனிகோடில் ‘கொ’ என்பதில் க முதலிலும் உயிர்க்குறி பிறகும் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. ஃபோட்டோஷொப்பில் தெற்காசிய எழுத்து அமைப்பைத் தெரிவுசெய்யாமல் ஒட்டினால் கொம்பு பின்னால் போய் உட்காரும். ஊரின் பெயரே அதில்தான் தொடங்குகிறது, எத்தனை ‘கொழும்பு’ கொம்பிழந்து தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்! அமைப்பை மாற்றிய பிறகு எழுத்தை உருவரையாக்கி (அவுட்லைன்) பிடிஎஃப் கொடுத்தால் அச்சகத்தில் உடையாது.

தெகிவளையிலிருந்து:

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜே கே பி ஓ’ என்று நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் மட்டும் இருந்த ஒரு படம் கிடைத்தது அண்ணை. அது என்ன சங்கேதமோ?

கிராண்ட்பாஸிலிருந்து:

அது பாமினி எழுத்துரு தம்பி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். ஜே - த, கே - ம, பி - இகரக் கொக்கி, ஓ - ழ, அரைப்புள்ளி - மேலே வைக்கும் புள்ளி. சேர்த்து வாசியுங்கள்: தமிழ்.