வெரோனா, கராரா பயிற்சிப் பயணம்: கிரானைட் தொழிலில் இருப்பவருக்குப் பயன்படுமா?

ஓசூர்ப்பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓசூருக்கு அருகே கிரானைட் அறுத்து மெருகேற்றும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டுகளாக உற்பத்திப் பிரிவில் பணிபுரிகிறேன். வரும் செப்டம்பரில் இத்தாலியின் வெரோனாவில் நடக்கும் மார்மோமாக் கண்காட்சியையும், அதைத் தொடர்ந்து கராரா பளிங்குக் குவாரிகளையும் காட்டும் ஏழு நாள் பயணத்துக்கு என்னை அனுப்ப எங்கள் முதலாளி எண்ணுகிறார். செலவில் பாதி என்னுடையது. திரும்பி வந்ததும் கற்றதைத் தொழிலாளர்களுக்கு நானே சொல்லித்தர வேண்டும் என்பதும் நிபந்தனை.

எனக்கு இருக்கும் தயக்கம் இதுதான். நாங்கள் அறுப்பதெல்லாம் கிரானைட். பளிங்கு எப்போதாவதுதான் வரும். முன்பு இதேபோன்ற பயணம் சென்று வந்த மேலாளர் ஒருவர் கொண்டுவந்தது இரண்டு பை நிறைய விளம்பர ஏடுகள் மட்டுமே. சென்று வந்தவர்கள், எதைப் பார்த்தால் வேலைக்கு உதவும் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வரைபலகை எழுதியது:

நான் கட்டடக்கலைஞர். சில ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இதே பாதையில் சென்று வந்தேன். கண்காட்சியில் இரண்டு நாளுக்கு மேல் செலவிடாதீர்கள். அரங்கில் நிறுத்தியிருப்பவை பொறுக்கி எடுத்த ஸ்லாப்கள், அதாவது பலகைபோல அறுத்த கற்கள். குறையுள்ள கல் அங்கே வராது. ஆனால் அனுமதி கேட்டு ஸ்லாப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடியிழை வலையை எபாக்சியால் ஒட்டியிருந்தால், முன்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும் அந்தக் கல் தன் வலுவில் மட்டும் நிற்கவில்லை என்று பொருள். நான் இதை அறியாமல் கையகல மாதிரித் துண்டை நம்பி ஒரு கூடத்துக்குக் கல் குறித்தேன். வந்திறங்கிய சரக்கில் அந்தத் துண்டின் நிறம் பத்தில் மூன்று ஸ்லாப்களில்கூட இல்லை.

கராராவில் தொரானோ, ஃபாண்டிஸ்கிரிட்டி, கொலொன்னாத்தா என்று மூன்று பள்ளத்தாக்குகள் உண்டு. ரோமானியர் காலத்திலிருந்து வெட்டிவரும் இடம். 1497-இல் மைக்கலாஞ்சலோ கல் தேடி வந்ததும் இங்கேதான். வழிகாட்டிகள் இதை மூன்று முறையாவது சொல்வார்கள். எங்கள் குழு கொலொன்னாத்தாவில், பளிங்குத் தொட்டியில் உப்பும் மூலிகையும் இட்டுப் பதப்படுத்தும் பன்றிக்கொழுப்பைச் சுவைப்பதிலேயே ஒரு மதியத்தைக் கழித்தது. அந்த நேரத்தை நீங்கள் குவாரிக்குக் கேட்டுப் பெறுங்கள்.

நான் கற்றது ஒரு முற்பகலில்தான். வைரத் துகள் பதித்த வயரால் மூன்று பக்கமும் அறுத்துவிட்ட ஒரு பாளத்தை மலையிலிருந்து பிரித்தார்கள். இருவர் தட்டையான இரும்புப் பைகளை அறுப்பு இடுக்கில் செருகி, பம்பினால் தண்ணீர் ஏற்றினார்கள். பை உப்ப உப்ப, வீட்டளவுள்ள பாளம் விரலகலம் விரலகலமாகச் சாய்ந்து, முன்னே கொட்டி வைத்திருந்த கல்தூள் மெத்தையின்மேல் விழுந்தது. தூசி அடங்கியதும் மேற்பார்வையாளர் சிவப்புச் சாயத்துடன் அதன்மேல் ஏறி, எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போட்டார். அவர் எடுத்துக்கொண்டதைவிட ஒதுக்கியதே என் கண்ணுக்குப் பெரிதாகப்பட்டது. ஒவ்வொரு துண்டையும் ஏன் ஒதுக்கினார் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கல்லுக்குள் ரேகை எந்தத் திசையில் எப்படி ஓடுகிறது என்பது எனக்குப் புரிந்தது அந்தக் குறிப்புகளால்தான்.

கடற்கரைச் சாலையிலிருந்து பனிபோலத் தெரியும் வெள்ளைச் சரிவுகளில் பெரும்பகுதி பனியன்று, குவாரிக் கழிவு. அதை அள்ளிக் கால்சியம் கார்பனேட்டாக்கிக் காகிதத்துக்கும் பற்பசைக்கும் விற்கிறார்கள். அறுப்புச் சேறு மழையில் கரைந்து கர்ரியோனே ஆற்றை வெளுக்கச் செய்வது அங்கே நீண்டகாலப் பிணக்கு. சேற்றை ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து நீரை மறுபடி பயன்படுத்தும் அமைப்பை எந்தத் தொழிற்சாலையில் பார்த்தாலும் விவரமாகக் கேளுங்கள். அது பளிங்குக்கும் கிரானைட்டுக்கும் பொது.

பர்கூர்க்காரன் எழுதியது:

தம்பி, முப்பது ஆண்டுகளாகக் குவாரியில் பிளாக் (ஸ்லாப்பாக அறுக்காத பெரிய கற்பாளம்) எடுத்து ஏற்றுமதி செய்பவன் சொல்கிறேன். நீங்கள் கேட்கும் படிப்பை இத்தாலியர்கள் கிருஷ்ணகிரிக்கே வந்து காட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் பிளாக் குறிக்கும் முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தே நாங்கள் தொழில் கற்றோம். பிளாக்கின் ஆறு முகத்திலும் தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு ஒன்றும் பேசாமல் காத்திருப்பார்கள். முகம் முழுதும் உலர்ந்த பின்னும் ஓரிடத்தில் மயிரிழைபோல ஈரக்கோடு நின்றால் அங்கே விரிசல். சுத்தியலால் தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும்; மந்தமாகக் கேட்டால் அந்த பிளாக் அங்கேயே கிடக்கும். அளவெடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் சில சென்டிமீட்டர் கழித்த பிறகே விலை.

வெரோனா வட்டாரத்தில் அயல்நாட்டுக் கல்லை அறுக்கும் தொழிற்சாலைகள் பல உண்டு. நம் பக்கத்துக் கிரானைட்டும் அங்கே போகிறது. ஆகவே பளிங்கை மட்டும் பார்த்துத் திரும்பாமல், நம் கல் மல்டிவயரில் (பல வயர்களால் ஒரே நேரத்தில் அறுக்கும் இயந்திரம்) ஏறும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பிளாக்கில் 2 செ.மீ. தடிமன் ஸ்லாப் எத்தனை தேறுகிறது, எந்தக் குறைக்காக நம்மை வைகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேளுங்கள். புறப்படும் முன், உங்களுக்குக் கல் வரும் குவாரியில் இரண்டு நாள் இருந்துவிட்டுச் செல்லுங்கள். உங்கள் தொழிற்சாலையில் குவாரியை நேரில் கண்டவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

முகப்புப்பொறி எழுதியது:

மேலே இருவரும் கல் பிறக்கும் இடத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். கல் மூப்படையும் இடத்தை இந்தப் பயணங்கள் காட்டுவதில்லை என்பது என் குறை. 1971-இல் திறந்த ஹெல்சிங்கியின் ஃபின்லாந்தியா மண்டபத்தில் பதித்த கராராப் பளிங்கு வளைந்துபோனது; 1990-களின் இறுதியில் புதிதாக மாற்றிய கராராப் பளிங்கும் வளைந்தது; அண்மைச் சீரமைப்பில் வட இத்தாலியின் லாசா பளிங்குக்கு மாறினார்கள். சிகாகோவில் 80 மாடிக்கு மேல் உயர்ந்த ஒரு கோபுரத்தின் கராராப் பளிங்கு முழுவதையும் 1990–92-இல் கழற்றிவிட்டுக் கிரானைட் பொருத்தினார்கள். கால்சைட் படிகம் சூடேறும்போது ஒரு திசையில் விரிந்து மறுதிசையில் சுருங்குவதால், பல பருவங்களுக்குப் பின் படிகங்களின் பிணைப்புத் தளர்ந்து, மெல்லிய பலகை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கிரானைட் விற்பவருக்கு இதைவிட நல்ல பாடம் எது? வெளிச்சுவருக்குப் பளிங்கு பரிந்துரைக்கும் நிறுவனத்திடம், பளிங்கு வெப்பத்தையும் ஈரத்தையும் மாறி மாறித் தாங்குமா என்று பார்க்கும் ஐரோப்பியத் தரமுறையான ஈஎன் 16306 சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். வெரோனாவிலேயே, உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பிய ரோமானியர் கால அரங்கத்தைப் பார்க்க ஒரு காலை ஒதுக்குங்கள். படிகளில் எந்தக் கல் தேய்ந்திருக்கிறது, எது தேயவில்லை என்று காலாலேயே உணரலாம்.

ஓசூர்ப்பட்டறை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பர்கூர் ஐயா கேட்ட கேள்விக்கு விடை: அறுபது பேரில் நான்கு பேர். நான் அந்த நால்வரில் இல்லை. அடுத்த வாரமே குவாரிக்குச் செல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். கிரானைட் அறுக்கும் தொழிற்சாலை ஒன்றையும் நிரலில் சேர்க்கும்படி பயண ஏற்பாட்டாளருக்கு எழுதிவிட்டேன். குவாரியில் மொழிபெயர்ப்பாளர் உடன் வருவாரா?

வரைபலகை எழுதியது:

எங்களுடன் வந்தவர் சுற்றுலா வழிகாட்டி; ரேகை, வெடிப்பு என்ற சொற்களிலேயே தடுமாறினார். நான் படம் வரைந்து காட்டினேன். மேற்பார்வையாளர் அதே தாளில் திருத்தி வரைந்தார். ஆகையால் குறிப்பேடும் பென்சிலும் கையில் இருக்கட்டும். தலைக்கவசம் அங்கே தருவார்கள். இரும்புமுனைக் காலணியை மட்டும் உங்கள் அளவில் இங்கிருந்தே கொண்டுசெல்லுங்கள்.