18446744073709551615: கடைசித் துண்டு பகா எண்தானா?

கேள்வி (மண்டிக் கணக்கர்):
நெல் மண்டியில் கணக்கெழுதுகிறேன். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று 64 கட்டங்களையும் நிரப்பினால் மொத்தம் எத்தனை மணிகள் என்று மகள் கேட்டாள். 18446744073709551615 என்று விடை வந்தது. விடை சொன்ன பிறகும் அந்த எண்ணை விட்டுவிட மனம் வரவில்லை. பழைய பேரேட்டின் வெற்றுப் பக்கங்களில் வகுக்கத் தொடங்கினேன்.

இலக்கங்களைக் கூட்டினால் 87; எனவே 3-ஆல் வகுபடும். கடைசி இலக்கம் 5. அப்புறம் 17. பிறகு வெகுநேரம் எதுவும் சிக்காமல், 257. முதல் நான்கையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோது உடல் சிலிர்த்தது. ஒவ்வொன்றிலும் 1 கழித்தால் 2, 4, 16, 256. ஒவ்வொன்றும் முந்தையதன் வர்க்கம்! அப்படியானால் அடுத்தது 65537 ஆக வேண்டுமே என்று வகுத்தேன். மீதியே இல்லை. ஈவு 4294967297, அதுவும் 65536-இன் வர்க்கத்தோடு 1.

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று மனம் அடித்துச் சொல்கிறது. 300 வரை வகுத்துப் பார்த்துவிட்டேன். உறுதிசெய்ய வழி உண்டா?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியை):
ஐயா, நீங்கள் வந்து நிற்கும் இடத்தில்தான் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவும் நின்றார். இந்த வரிசை முழுவதும் பகா எண்களே என்று 1640-இல் அவரும் நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் அதை உடைத்தார்: 4294967297 = 641 × 6700417. உங்கள் ஆறாவது எண்ணுக்கு, அதாவது 4294967297-க்கு, அதைவிடச் சிறிய பகா வகுத்தி இருந்தால் அது 128-இன் மடங்கோடு 1 ஆகத்தான் இருக்க முடியும். 129, 385, 513 பகா எண்கள் அல்ல. 257-ஐ நீங்களே வகுத்துப் பார்த்துவிட்டீர்கள். அடுத்து நிற்பது 641.

பதில் (எண் விரும்பி):
வகுக்காமலே காட்டலாம். 641 = 5×2⁷ + 1; 641 = 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம். ஆகவே 641-ஆல் வகுக்கையில் 5×2⁷-க்கு −1-இன் மதிப்புதான் (641-க்கு ஒன்று குறைவு); 5⁴-க்கும் அப்படியே −2⁴-இன் மதிப்பு. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-க்கு 1. இதில் 5⁴-க்குப் பதில் −2⁴ போடுங்கள்: −2³²-க்கு 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

மண்டிக் கணக்கர்:
அம்மா, 641 என்று படித்ததும் நெஞ்சு கனத்தது. இரவு முழுக்க அந்த இரண்டு வரி நிரூபணத்தைத் திரும்பத் திரும்ப எழுதினேன், எவ்வளவு அழகு! பிறகு 6700417-ஐ எடுத்துக்கொண்டேன். அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுகிறது. உங்கள் 128 விதிப்படி 641, 769, 1153, 1409 ஆகிய நான்கே போதும். மீதிகள் 44, 120, 334, 622. எனவே அது பகா எண். பேரேட்டில் சிவப்பு மையால் எழுதிவிட்டேன்: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417.

65537-க்கு அப்பால் இந்த வரிசையில் இன்னொரு பகா எண் உண்டா?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியை):
இன்றுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, ஐயா. இனி கிடைக்கவே கிடைக்காது என்று யாரும் நிறுவியதும் இல்லை. அடுத்த எண் 2⁶⁴ + 1, அதாவது உங்கள் நெல்மணிக் கணக்கோடு 2. அது 274177-ஆல் வகுபடும். பேரேட்டில் பக்கம் மிச்சமிருந்தால் வகுத்துப் பாருங்கள்.